வடிகட்டியைக் கழுவும் கை

டிப்பர் வைத்திருப்பவர்கள் ஏர் ஃபில்டரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் ஒன்று, கழுவிக் கழுவிப் போடும் எண்ணெய் ஃபில்டர் வாங்கலாமா என்பது. பருத்தி வலையைச் சில அடுக்குகளாக வைத்து மடித்து, இரு பக்கமும் கம்பி வலை கொடுத்து, சாயம் கலந்த எண்ணெயில் நனைத்த ஃபில்டர் அது. பேப்பர் எலிமென்டைப் போலத் தூக்கி எறிய வேண்டியதில்லை, ஒருமுறை வாங்கினால் வண்டி ஆயுசுக்கும் போதும், காற்று தாராளமாகப் போவதால் இழுவையும் மைலேஜும் கூடும் என்று சொல்லி விற்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் விலையைப் பேப்பர் எலிமென்டின் விலையோடு ஒப்பிட்டு, இத்தனை தடவை மாற்றும் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு வரி விடுபட்டுப் போகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. பேப்பர் எலிமென்ட் தொழிற்சாலையில் ஒருமுறை செய்யப்படுகிறது. எண்ணெய் ஃபில்டர் ஒவ்வொரு முறை கழுவி எண்ணெய் இடும்போதும் புதிதாகச் செய்யப்படுகிறது. அதைச் செய்யும் இடம் ஷெட், செய்பவர் கழுவுகிறவர். அந்தக் கை எப்படிப்பட்டது, அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, எந்தத் தூசிக்கு நடுவே அது வேலை செய்கிறது என்பதைப் பார்க்காமல் இந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது தவறு. நம் பக்கத்து டிப்பர்களுக்கு இந்த மூன்றுமே எதிராக இருக்கின்றன.

முதலில் தூசி. சென்னையின் தென்புறத்தில் இருக்கும் பல்லாவரம், பரங்கிமலை, திரிசூலம் குன்றுகளின் கருங்கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக்கின் கல்லறைக்கல் இந்த வகைக் கல் என்பதால், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1893-ல் அந்தப் பெயரை இட்டார். உலகில் எங்கே இந்தப் பாறை கிடைத்தாலும் அடையாளம் பார்ப்பதற்கு மூலப்பாறை நம்மூர்ப் பாறைதான். அதில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நிறைய உண்டு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. இன்ஜின் லைனரின் வார்ப்பிரும்பு இவற்றைவிட மென்மையானது. பல்லாவரம், பம்மல் பக்கத்துக் குவாரிகள் ஓய்ந்து வீடுகள் வந்துவிட்டன. ஆனால் அதே குணமுள்ள கல் எருமையூரிலும் நல்லம்பாக்கத்திலும் உடைபடுகிறது. ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை, முடிச்சூர் சாலை, வெளிவட்டச் சாலை வழியாக நகரத்துக்குள் வருகிறது. ஆற்று மணல் காலத்தில் ஈர மணலை ஏற்றிவந்த லாரியும், கிரஷரின் கீழே நின்று லோடு ஏற்றும் இன்றைய டிப்பரும் சுவாசிக்கும் காற்று ஒன்றல்ல. ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு முனை மழுங்கியது. உடைத்த கல்லின் தூள் புதிதாகப் பிளந்தது, விளிம்பு கூரானது. பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான். அதைவிடச் சற்றுப் பெரிய, கண்ணுக்குத் தெரியாத துகள்தான் படலத்தைத் தாண்டி இரு பக்க உலோகத்தையும் ஒரே சமயத்தில் கீறுகிறது. உள்ளங்கையில் நறநறவென்று படும் பெரிய தூளை எந்த ஃபில்டரும் பிடித்துவிடும். ஃபில்டர்களுக்குள் வித்தியாசம் தெரிவது அந்த நுண்ணிய தூளில்தான்.

இதை எண்ணில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் டீசல் முழுவதுமாக எரிய ஏறத்தாழ 12 கிலோ காற்று தேவை. நம் வெப்பத்தில் அது 10 கன மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். டீசல் இன்ஜினில் பெட்ரோல் இன்ஜினைப் போலக் காற்றைத் தேவைக்கேற்ப அடைத்துத் திறக்கும் ஏற்பாடு கிடையாது. எப்போதும் உபரியாகவே இழுக்கும். அதனால் லிட்டருக்கு 20 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வது நியாயமானது. நாளுக்கு 60 லிட்டர் எரிக்கும் டிப்பர் 1,200 கன மீட்டர் காற்றைக் குடிக்கிறது. வெளிக்காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு. கிரஷர் இயந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டர் தூரத்தில் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது கிரஷருக்கான விதி. முன்னே போகும் லோடு வண்டியின் புழுதிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு குவாரிப் பாதையில் ஏறும் வண்டிக்கு இந்த வரம்புகள் எல்லாம் பொருந்தாது. கணக்குக்காக நாள் முழுவதற்குமான சராசரியை 5 மில்லிகிராம் என்று வைப்போம். ஒரு நாளைக்கு 6 கிராம் தூசி, 300 நாள் ஓட்டத்துக்கு 1.8 கிலோ. இந்த 1.8 கிலோவில் எவ்வளவு பிடிபட்டது என்று கேட்பது விற்பவரின் கேள்வி. எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் வண்டிக்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

ஏர் ஃபில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்ற உலகத் தர முறை இருக்கிறது. துகள் அளவு திட்டமாக வரையறுத்த சோதனைத் தூளை, அளந்த காற்றோடு ஃபில்டருக்குள் விட்டு, தாண்டிப் போனதைப் பின்னால் ஒரு முழுமையான வடிகட்டியில் பிடித்து எடை போடுவார்கள். அமெரிக்காவின் டியூராமாக்ஸ் டீசல் பிக்கப் இன்ஜினுக்கான ஃபில்டர்களை இந்த முறையில் ஒப்பிட்ட, மிகவும் பேசப்பட்ட ஒரு சோதனையில், வண்டியோடு வரும் பேப்பர் எலிமென்ட் 99.93 சதவீதமும், பெயர் பெற்ற ஓர் எண்ணெய்ப் பருத்தி ஃபில்டர் 96.8 சதவீதமும் பிடித்தன. இரண்டும் நூற்றுக்கு நெருக்கமாக இருப்பதால், மூன்று மார்க் வித்தியாசம்தானே என்று தோன்றும். தாண்டிப் போனதைப் பார்த்தால் ஒன்றில் 0.07, இன்னொன்றில் 3.2. அதாவது நாற்பத்தைந்து மடங்கு. நம்முடைய 1.8 கிலோவில் பேப்பர் விடுவது ஒன்றேகால் கிராம், எண்ணெய்ப் பருத்தி விடுவது 58 கிராம். ஒரு வருஷத்தில் ஐம்பது கிராமுக்கு மேல் குவார்ட்ஸ் கலந்த கல்தூள் டர்போவின் இலைகளை உரசிக்கொண்டு சிலிண்டருக்குள் போய், அதில் ஒரு பங்கு ரிங்கில் ஒட்டி, ஒரு பங்கு இன்ஜின் ஆயிலில் இறங்கி பேரிங் வரை சுற்றுகிறது. எல்லா எண்ணெய் ஃபில்டரும் 96.8-ல் நிற்பவை அல்ல என்பார்கள். உண்மைதான். தயாரிப்பாளர்கள் 99 சதவீதம் வரை சொல்வதுண்டு. அந்த 99-ஐயே முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் உள்ளே போவது 18 கிராம். பேப்பரைப் போலப் பதினான்கு மடங்கு. அதுவும் புதிதாக, தொழிற்சாலையில் அளந்து எண்ணெய் இட்ட நிலையில். நான்காவது கழுவலுக்குப் பிறகு அதன் எண் என்னவென்று எந்த அட்டைப்பெட்டியிலும் அச்சிட்டிருக்காது.

இந்த இடத்தில் மூத்த மெக்கானிக்குகள் ஒரு கேள்வி வைப்பார்கள். அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. எண்ணெய் ஃபில்டர் என்ன புதுசா, பழைய காமெட் லாரியும் டாடா 1210-ம் ஆயில் பாத்திலேயே ஓடவில்லையா என்பார்கள். ஓடின. ஆயில் பாத் ஏர் கிளீனர் அருமையான யோசனை. காற்று நடுக்குழாய் வழியாகக் கீழே இறங்கி, கிண்ணத்தில் இருக்கும் எண்ணெய் மேல் மோதி, சட்டென்று மேல்நோக்கித் திரும்பும். கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் விழும். மிச்சத்தை மேலே எண்ணெயில் நனைந்த கம்பிப் பஞ்சு பிடிக்கும். வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை, ஊர் எதுவானாலும் எண்ணெய் கிடைக்கும், டீசலில் அலசினால் போதும். வயலில் உழும் டிராக்டர்களில் இன்றும் அது வேலை செய்துகொண்டிருப்பதற்குக் காரணம் இந்த எளிமைதான். ஆனால் அதன் பலவீனமும் அதே திருப்பத்தில்தான் இருக்கிறது. காற்று வேகமாக வந்தால்தான் தூசி எண்ணெயில் விழும். ஐட்லிங்கில், லோடுக்காக வரிசையில் நிற்கும்போது, வேகம் குறைந்து பிடிக்கும் திறனும் குறையும். எண்ணெயைக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அதை இழுத்துக் குடிக்கும். குறைவாக ஊற்றினால் தூசி போகும். அந்தக் காலத்து இன்ஜின் டர்போ இல்லாதது, சுழற்சி குறைவு. நடுவில் லைனர் மாற்றி இன்ஜின் வேலை பார்ப்பது வழக்கமான செலவாகவே கருதப்பட்டது. பத்து லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்று பெருமையாகச் சொல்லும்போது, அதற்குள் எத்தனை முறை ஹெட் இறங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆயில் பாத்துக்கு இன்னொரு துணை இருந்தது. அதைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். வண்டியோடு ஒரு கிளீனர் இருந்தார். காலையில் கிளிப்பைத் திறந்து, கிண்ணத்தின் அடியில் சேறு எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. புழுதிப் பாதையில் ஓடிய நாளில் எண்ணெயை மாற்றிவிடுவார். ஃபில்டரின் நிலை கண்ணுக்குத் தெரிந்தது, பார்ப்பதற்கு ஆள் இருந்தது, அந்த ஆளுக்கு அது பொறுப்பாக இருந்தது. இன்று நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் டிப்பர் டிரைவரோடு பெரும்பாலும் கிளீனர் கிடையாது. ஒரு நடை குறைந்தால் அவருடைய வருமானம் குறையும். ஃபில்டரைக் கழற்றிக் காயவைக்க ஒரு நாள் வண்டியை நிறுத்து என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பழைய ஆயில் பாத் ஓடியதைக் காட்டி இன்றைய எண்ணெய்ப் பருத்தியை நியாயப்படுத்துகிறவர்கள், அதை ஓடவைத்த மனிதரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்ணெய்ப் பருத்தி ஃபில்டரில் பிடிப்பது பருத்தியா எண்ணெயா என்று கேட்டால், எண்ணெய் என்றுதான் சொல்ல வேண்டும். கழுவிக் காய்ந்த வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளித்துளியாக ஒளி தெரியும். அந்தத் துளையெல்லாம் நுண்தூசிக்கு வாசல். எண்ணெய் இழையெல்லாம் படர்ந்திருக்கும்போது தூசி அதில் ஒட்டுகிறது. ஒட்டிய தூசியின் மேலும் எண்ணெய் ஊறி வந்து அடுத்த தூசியைப் பிடிக்கிறது. ஊறி வருவதற்கு எண்ணெய் மீதமிருக்கும் வரைதான் இது நடக்கும். தூசி குறைந்த நெடுஞ்சாலையில் அது மாதக்கணக்கில் வரும். கிரஷர் தூளில் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்காது. எண்ணெய் தீர்ந்த இடத்தில் ஏற்கெனவே பிடிபட்ட தூசிகூட அதிர்விலும் காற்று வேகத்திலும் நகர்ந்து மறுபக்கம் போகும். கொஞ்சம் கூடுதலாகவே எண்ணெய் இட்டால் என்ன என்றால், அதற்கும் தண்டனை உண்டு. உபரி எண்ணெய் காற்றோடு கிளம்பி, காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய சூட்டுப் படலத்தில் படியும். 2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பிஎஸ்-6 வண்டிகளில் பலவும் இந்தச் சென்சாரின் அளவை வைத்துத்தான் புகை மறுசுழற்சியைக் கணக்கிடுகின்றன. அளவு பொய்த்தால் எரிப்பு பொய்க்கும், கரி கூடும், புகைவடிகட்டி சீக்கிரம் அடையும். டர்போவின் காற்றுச் சக்கரத்தில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பூசிக்கொள்வதும், இன்டர்கூலரின் உட்புறம் பிசுபிசுப்பதும் இதன் தொடர்ச்சி. குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு என்ற குறுகலான வரம்புக்குள் இருக்கும் ஒரு வேலையைத்தான் ஷெட்டில் யாரோ ஒருவர் கையில் ஒப்படைக்கிறோம்.

அந்த வேலையை முறையாகச் செய்வது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதை ஏற்கெனவே வாங்கிப் போட்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கழற்றும் முன் பெட்டியின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இல்லையென்றால் கழற்றும்போதே தூசி உள்ளே கொட்டும். ஒட்டாத தூளை மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, அந்த ஃபில்டருக்கென்று விற்கும் கழுவு திரவத்தை இரு பக்கமும் தெளித்துப் பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும், காய விடக் கூடாது. டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதையும் தொடவிடக் கூடாது. ஆயில் பாத்தை டீசலில் அலசிய பழக்கத்தில் இதையும் அப்படிச் செய்தால், ஓரத்து ரப்பர் உப்பி வடிவம் கெடும். ரப்பர் சரியாக உட்காராத ஃபில்டர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை. காற்று சுலபமான வழியாகிய ஓரத்தில்தான் போகும். குழாய்த் தண்ணீரை மெதுவாக உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கம்ப்ரஸர் காற்றால் உலர்த்துவதும் வெயிலில் சூடேற்றுவதும் வலையை விரியவைக்கும், சுருங்கவைக்கும். நிழலில்தான் காய வேண்டும். முழுவதும் காய்ந்த பிறகு ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே ஒரு ஓட்டமாக எண்ணெய் இட்டு, இருபது நிமிஷம் காத்திருந்து, வெளுத்துத் தெரியும் இடத்துக்கு மட்டும் சிறிது தொட்டுவிட வேண்டும். சாயம் கலப்பதே இதற்காகத்தான். எங்கே எட்டவில்லை என்று கண்ணால் பார்க்கலாம். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹைட்ராலிக் ஆயில் மாற்றாகாது. மெல்லிய எண்ணெய் காற்றோடு போய்விடும், தடித்தது இழைக்குள் ஊறாது.

இதில் கஷ்டமான படி காயவைப்பதுதான். மார்ச் முதல் ஜூன் வரை நிழலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில், காற்றில் ஈரம் கனத்துக் கிடக்கும்போது, மடிப்பின் ஆழத்தில் இருக்கும் பருத்தி ஓர் இரவில் காயாது. பாதி ஈரத்தில் எண்ணெய் இட்டால் ஈரம் இருக்கும் இடத்தில் எண்ணெய் பிடிக்காது. மேலே சாயம் சிவப்பாகத் தெரியும், உள்ளே ஓட்டையாக இருக்கும். அப்படியானால் வண்டிக்கு இரண்டு ஃபில்டர் வேண்டும், ஒன்று ஓட, ஒன்று காய. இரண்டு ஃபில்டர், கழுவு திரவம், எண்ணெய், செய்பவரின் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால், முதலில் போட்ட சேமிப்புக் கணக்கு கரைந்துவிடுகிறது. மறுபுறம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நனைந்தால் பேப்பர் உப்பிக் கிழியும், எண்ணெய்ப் பருத்தி அவ்வளவு சீக்கிரம் சேதப்படாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த ஊர் இது. தண்ணீரைப் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் ஃபில்டர் வரை தண்ணீர் ஏறிய வண்டியில் ஃபில்டர் எந்த வகையானாலும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. தெறிக்கும் மழைநீருக்கு மருந்து, காற்று இழுக்கும் வாயை உயரத்தில் வைப்பதும் பெட்டியின் அடியில் தூசியும் நீரும் வடியும் ரப்பர் வால்வைச் சரியாக வைத்திருப்பதும்தான். அந்த ரப்பர் கிழிந்தோ காணாமலோ ஓடும் டிப்பர்கள் எத்தனையோ. மிகச் சின்னப் பொருள், ஆனால் அது இல்லாவிட்டால் அந்த ஓட்டை வழியாகவே பெட்டிக்குள் புழுதி ஏறும்.

இழுவையும் மைலேஜும் கூடும் என்ற வாதத்துக்கு வருகிறேன். புதிய பேப்பர் எலிமென்ட் காற்றுக்குக் காட்டும் எதிர்ப்பு மிகக் குறைவு. டர்போ இன்ஜினில் அந்தச் சிறு எதிர்ப்பை டர்போவே ஈடுகட்டிவிடும். அடைப்பு முற்றிய பிறகுதான் புகையும் டீசல் செலவும் ஏறும். அதற்கு மருந்து நேரத்துக்கு மாற்றுவது, வலையை அகலமாக்குவதல்ல. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் இன்றைய வகைப் பெட்ரோல் கார்களில் செய்த சோதனையில், அடைத்த ஃபில்டர்கூட மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. வேகமெடுக்கும் திறன்தான் குறைந்தது. டீசல் லாரிக்கு அந்த முடிவை அப்படியே எடுத்துப் பொருத்தக் கூடாது. ஆனால் ஃபில்டரை மாற்றினாலே மைலேஜ் கூடிவிடும் என்ற நம்பிக்கையைச் சந்தேகிக்க அது போதும். பாலைவனப் பந்தய வண்டிகள் எண்ணெய் ஃபில்டரில்தானே ஓடுகின்றன என்று இன்னொரு வாதம். ஓடுகின்றன, பந்தயம் முடிந்ததும் அந்த இன்ஜினைப் பிரித்துவிடுவார்கள். நமக்கு இன்ஜின் கடன் தவணை முடிந்த பிறகும் ஓட வேண்டும்.

குப்பையைப் பற்றிய வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. பெருங்குடிக் குப்பைமேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்று பார்த்தவர் எவரும், மாதாமாதம் ஒரு பேப்பர் எலிமென்டைத் தூக்கிப் போடுவதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் எதிர்த்தட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஃபில்டரைக் கழுவிய தண்ணீர் சாக்கடை வழியாக ஏரிக்குத்தான் போகிறது. பீர்க்கன்கரணை ஏரியும் சேலையூர் ஏரியும் ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருப்பது போதும். லைனர் தேய்ந்து ஆயில் குடிக்கும் இன்ஜின் ஓராண்டில் நீலப்புகையாக எரிக்கும் எண்ணெயையும், நேரத்துக்கு முன்பே கழிக்கப்படும் லைனர், பிஸ்டன், ரிங்குகளையும் சேர்த்தால், குப்பை குறைவது எந்தப் பக்கம் என்பது தெளிவாகிறது. பேப்பரின் குப்பையைக் குறைக்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது: தேவைக்கு முன்னால் மாற்றாமல் இருப்பது.

இங்கே பேப்பரை ஆதரிக்கிறவர்களும் திருந்த வேண்டியிருக்கிறது. பேப்பர் எலிமென்டை வாரம் ஒருமுறை கழற்றி டயரில் தட்டி, கம்ப்ரஸரால் காற்று அடித்து மாட்டுவதை நல்ல பராமரிப்பு என்று நம்புகிறோம். பேப்பரின் மேல் மெல்லியதாகப் படியும் தூசி அடுக்கே ஒரு வடிகட்டி. அது படிந்த பிறகுதான் பேப்பர் தன் உச்சத் திறனுக்கு வருகிறது. தட்டி உதிர்த்தால் மறுபடியும் தொடக்கத்துக்குப் போகிறோம். பலமாகக் காற்று அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுகிறது. புழுதி மிகுந்த வேலையில் அடித்தே ஆக வேண்டுமென்றால், 2 பாருக்குக் குறைந்த அழுத்தத்தில், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, முனையைத் தள்ளி வைத்து அடிக்க வேண்டும். பிறகு உள்ளே ஒரு பல்பை விட்டு, ஒளி ஊசிமுனையாகத் தெரிகிறதா என்று இருட்டில் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சிறிய பாதுகாப்பு எலிமென்டை ஒருபோதும் சுத்தம் செய்து போடக் கூடாது. மாற்ற மட்டும்தான் வேண்டும். எப்போது மாற்றுவது என்பதை நாளும் கிலோமீட்டரும் சொல்ல முடியாது. ஜி.எஸ்.டி. சாலையில் பார்சல் அடிக்கும் லாரிக்கும் நல்லம்பாக்கத்தில் ஜல்லி ஏற்றும் டிப்பருக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கு எப்படிப் பொருந்தும்? ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு காட்டி அதைச் சொல்லும். டர்போ டீசல்களில் பொதுவாக 25 அங்குலத் தண்ணீர் உயரத்துக்குச் சமமான, அதாவது சுமார் 6 கிலோபாஸ்கல் உறிஞ்சலில் அது சிவப்பைக் காட்டும். சிவப்பு வரும்வரை பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் சுத்தமான பக்கத்தில் கொஞ்சம் தூசி விழத்தான் செய்யும். குவாரி வேலைக்குப் போகும் வண்டிக்கு, காற்றைச் சுழற்றிப் பெருந்தூசியை முன்பே வெளியே தள்ளும் பிரீகிளீனரைப் போடுவது, எந்த எலிமென்டானாலும் அதன் ஆயுளை நீட்டும். எண்ணெய் ஃபில்டருக்குச் செலவிட நினைத்த பணத்தை அங்கே போடச் சொல்வேன்.

பேப்பர் என்றாலே 99.9 என்று நம்பிவிடவும் கூடாது. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில் ஒரே அட்டைப்பெட்டி வடிவத்தில் நல்லதும் போலியும் கிடைக்கும். போலியில் மடிப்பு எண்ணிக்கை குறைவாக இருக்கும், இடைவெளி சீராக இருக்காது, ஓரத்து ரப்பரை நகத்தால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக மேலெழும் அல்லது எழாது. எடையைக் கையில் வைத்து ஒப்பிட்டாலே தெரிந்துவிடும். போலிப் பேப்பருக்கு, முறையாகக் கழுவி எண்ணெய் இட்ட பருத்தி எவ்வளவோ மேல். இதை மறுப்பது நேர்மையாகாது.

அதனால் எண்ணெய் ஃபில்டர் எங்குமே வேண்டாம் என்பதல்ல என் முடிவு. சொந்த வண்டியைத் தானே ஓட்டி, தானே கழுவி, திருச்சிக்கும் பெங்களூருக்கும் தார்ச் சாலையிலேயே போய்வருகிறவர், காற்று அளக்கும் சென்சார் இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவர், காயவைக்க இரண்டாவது ஃபில்டரும் ஒரு மூடிய அறையும் இருக்கிறவர் - இவர்கள் பயன்படுத்தலாம். வாங்கும்போது அந்த வண்டி மாடலுக்கான ஐஎஸ்ஓ 5011 எண்ணைக் கேட்க வேண்டும். காற்று எவ்வளவு கூடுதலாகப் போகிறது என்ற எண்ணை மட்டும் காட்டினால் வாங்கக் கூடாது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியானால், கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும்.

எந்த ஃபில்டரைப் போட்டாலும், அது வேலை செய்கிறதா என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ஹோஸைக் கழற்றி, உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்ப்பது ஒன்று. துணியில் சாம்பல் நிறத்தூள் வந்தால், ஃபில்டர் விடுகிறது அல்லது கிளாம்ப் தளர்ந்திருக்கிறது அல்லது ஹோஸின் அடிப்பக்கத்தில் வெடிப்பு இருக்கிறது. அந்தக் குழாயில் உறிஞ்சல் இருப்பதால் மயிரிழை வெடிப்பு போதும். எண்ணெய் ஃபில்டர் போட்டவர்களுக்கு அதே துணியில் பிசுபிசுப்பும் தெரிந்தால், எண்ணெய் கூடிவிட்டது என்று பொருள். இரண்டாவது, இன்ஜின் ஆயில் மாற்றும்போது ஒரு சிறு பாட்டிலில் மாதிரி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது. அறிக்கையில் சிலிக்கானும் இரும்பும் குரோமியமும் சேர்ந்து ஏறினால் தூசி உள்ளே போய் லைனரையும் ரிங்கையும் தின்கிறது. சிலிக்கான் மட்டும் ஏறி மற்றவை அப்படியே நின்றால், அது சமீபத்தில் பூசிய சிலிக்கோன் கேஸ்கெட் பசையிலிருந்தும் புது ஆயிலின் நுரைத்தடுப்பானிலிருந்தும் வந்திருக்கலாம், பதற வேண்டியதில்லை. அதனால்தான் பழைய ஃபில்டர் இருக்கும்போதே ஒரு மாதிரி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு மாற்றி, அடுத்த இரண்டு ஆயில் மாற்றங்களிலும் எடுத்து ஒப்பிட வேண்டும். மூன்று அறிக்கைகளும் ஒரே கூடத்திலிருந்து, ஒரே பிராண்ட் ஆயிலில், ஏறத்தாழ ஒரே ஓட்டத்துக்குப் பிறகு எடுத்தவையாக இருக்க வேண்டும்.